பெரிய பெக்கேஜ் எடுக்க முன்னர் வரிசையைப் பாருங்கள்

எங்கள் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பாடசாலைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "இன்டர்நெட் ஸ்லோ, பெரிய பெக்கேஜ் எடுக்க வேண்டும்." அந்தக் காசு கடைசியில் பெற்றோரிடம்தான் வந்து நிற்கும். கொழுந்து பறித்து, இறப்பர் பால் வெட்டி உழைக்கும் காசு அது. ஆகவே காசு சேர்க்க முன்னர் ஒரு விசயத்தை யோசிப்போம்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்றோமே, மறந்திருக்காது. வரிசை நீண்டதால் ஒரு லீற்றரும் கூடவில்லை. ஓகஸ்ட்டில் கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளவு போட்டார்கள். அதன் பிறகு வரிசை சுருங்கியது.

இணையத்திலும் கதை கிட்டத்தட்ட இதுதான். தரவு சிறு சிறு பொதிகளாக வருகிறது. அதன் வேகத்தைக் கட்டுப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று டிசிபி: பெறும் கணினி "இவ்வளவுதான் வாங்குவேன்" என்று சொல்லும், அனுப்பும் பக்கம் அதற்கு மேல் அனுப்பாது. மற்றது வரிசை: ரவுட்டர் பொதிகளைப் பிடித்து வைத்து ஒவ்வொன்றாக விடும்.

1986 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் பேர்க்லியில், செக்கனுக்கு 32,000 பிட் போன இணைப்பு ஒன்று 40 பிட்டுக்கு விழுந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வழி சொன்னார்: பொதி தொலைந்தால் நெரிசல் என்று அறிந்து, அனுப்பும் பக்கமே வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்றும் டிசிபி அப்படித்தான் நடக்கிறது. ஆனால் இடையிலுள்ள வரிசை மிக நீளமாக இருந்தால் பொதி தொலையாது, காத்துக்கொண்டே கிடக்கும். நெரிசல் என்ற செய்தி அனுப்பும் பக்கத்துக்குப் பிந்தித்தான் போகும். ஒருவர் படம் இறக்குவார். அதன் பின்னால் பிள்ளையின் சூம் வகுப்பு குரல் உடைந்து நிற்கும்.

"இறக்குபவரின் டிசிபியை மட்டும் இறுக்கினால் போதாதா?" என்று கேட்கலாம். 1990களில் பெக்கெட்டியர் நிறுவனத்தின் பெட்டி இதைத்தான் செய்தது. இன்று அது போதாது. சூம் காணொளி பெரும்பாலும் யுடிபியில் போகிறது. யூடியூப் பயன்படுத்தும் குயிக் முறையில் ஒப்புகைகளும் மறைகுறியாக்கப்பட்டவை. நடுவில் உள்ள பெட்டியால் அவற்றைத் தொட முடியாது.

ஆகவே எங்கள் கருத்து இது: வரிசையை எங்கள் ரவுட்டருக்கே கொண்டுவருவோம். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாகக் குட்டையான வரிசை போடுவோம். எஃப்கியூ-கோடெல் என்ற முறை இதைச் செய்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற இலவச மென்பொருளில் அது இருக்கிறது. ரவுட்டரின் வேக எல்லையை உண்மையான வேகத்தை விடச் சற்றுக் குறைத்துப் போட வேண்டும். 4ஜி இணைப்பில் வேகம் கூடிக் குறையும் என்பதால், நெரிசலான நேரத்தில் அளந்து போடுங்கள். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், வகுப்பு அறுந்து போகாது.

செலவில்லாத சோதனை ஒன்று: ஒரு போனில் பெரிய கோப்பை இறக்கிக்கொண்டு, இன்னொன்றில் வாட்ஸ்அப்பில் பேசுங்கள். இறக்கும்போது மட்டும் குரல் உடைந்தால் பெரும்பாலும் வரிசைதான் கோளாறு. இறக்காதபோதும் உடைந்தால் சிக்னல் கோளாறாக இருக்கலாம். அதற்கு இந்த மருந்து உதவாது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் காசு கேட்க முன்னர் இதைச் செய்து பார்க்கட்டும். ரவுட்டர் வேலை தெரிந்த பழைய மாணவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து கைகொடுத்தால் போதும். கொஞ்சமாகக் கேட்கும் பிள்ளை, நிறைய இழுப்பவருக்குப் பின்னால் காத்து நிற்கக் கூடாது.