தீர்வைக்கு இனித்த மாடி

பாபநாசத்தில் பழைய வீடொன்றைக் கிரையம் முடித்த வாசகர் ஒருவர் இந்த வாரம் ஒரு கட்டு நகல்களை நமக்கு அனுப்பியிருக்கிறார். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, தீர்வை ரசீது, மின்கட்டண ரசீது எல்லாம் வரிசையாக இருக்கின்றன. மாடிக்கு அனுமதி மட்டும் இல்லை. முன்பு இருந்தவர் மட்டப்பாவில் இரண்டு அறை எழுப்பி, ஏறுவதற்கு முடுக்கில் இரும்புப் படி இறக்கி, கூடத்தை அகலமாக்க நடுச்சுவரையும் எடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் மனுப் போட்டார். நோட்டீஸ் புதியவர் பெயருக்கு வந்துவிட்டது.

நோட்டீஸ் மேல் நமக்குக் கோபம் இல்லை. விதி விதிதான். இத்தனை நாள் இந்த மாடி ஒருவர் கண்ணிலுமா படவில்லை? படாமல் என்ன! தீர்வை போட வந்தவர் மாடியையும் சேர்த்துத்தான் சதுர அடி கணக்கிட்டார். கரன்ட்காரர் மாடிக்குத் தனி மீட்டர் மாட்டினார். பத்திரம் பதியும்போது கட்டடத்தைப் பார்க்க வந்தவர் டேப்பைப் பிடித்து, மாடிக்கும் மதிப்புப் போட்டார். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 என்று மாடிக்கும் வசூல் ஆயிற்று. மூன்று பேரும் ஏறி இறங்கியது முடுக்கில் நிற்கும் அதே இரும்புப் படியில்! "அண்ணாச்சி, இதுக்குப் பிளான் எங்கே?" என்று ஒருவர் வாய் திறக்கவில்லை. பணம் வாங்குகிறவரை கட்டடமாக இருந்தது, புகார் வந்ததும் விதிமீறலாகிவிட்டது.

கட்டி முடித்த சான்றைப் பார்த்த பிறகே வங்கி கடன் தர வேண்டும், மின்சாரமும் குடிநீரும் அதன் பிறகே என்று 2024 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலத்தில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளோ, சிறிய வீடுகளுக்கு அந்தச் சான்றே வேண்டாம் என்று விலக்குத் தந்திருக்கின்றன. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் வீடுகள் பெரும்பாலும் இந்த ரகம். இல்லாத காகிதத்தை வாங்குகிறவர் யாரிடம் போய்க் கேட்பார்? புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று வசதி இருக்கிறது. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை இணையத்திலேயே அனுமதி வாங்கிவிடலாம். அடுத்தவர் கட்டிய மாடியை வாங்கியவருக்கு நோட்டீஸ்தான்.

வீடு தேடும் பிள்ளைகளே, கொஞ்சம் கேளுங்கள். வீடு யார் கைக்கு மாறியது, எங்கே அடகு போனது என்பதை வில்லங்கச் சான்று சொல்லும். நடுச்சுவரை உடைத்தது யார் என்று சொல்லாது. தீர்வை ரசீதும் அனுமதி ஆகாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அனுமதி வரைபடத்தைக் கேட்டு வாங்கி, ஒரு இன்ஜினீயரோடு போய்ச் சுவருக்குச் சுவர் ஒத்துப்பாருங்கள். வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத குறையை, தெரிந்த விற்பனையாளர் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு. ஃபால்ஸ் சீலிங் மறைத்த சுவருக்கு அது உதவலாம். முடுக்கில் தொங்கும் படிக்கு உதவாது, அது ஊருக்கே தெரிகிறதே! அனுமதியில்லாத பகுதிக்கு விற்றவரே பொறுப்பு என்று பத்திரத்தில் எழுதி வாங்குவது புத்திசாலித்தனம்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் நோட்டீஸை பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டாம். முதலில் அந்தச் சுவரைக் கவனியுங்கள். முறையாக அனுமதி வாங்கி எழுந்த மௌலிவாக்கம் அடுக்குமாடியே 2014-ல் சரிந்து 61 உயிர்களைக் கொண்டுபோனது. நடுச்சுவர் போன வீட்டின் தலையில் இரண்டு அறை நிற்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள், வாஸ்துக்காரரிடம் அல்ல. விதிக்குள் அடங்குவதற்கு வரைபடம் போட்டு விண்ணப்பியுங்கள். முடுக்கில் நிற்பதை நீங்களே கழற்றிவிடுங்கள்.

அந்தக் கட்டில் ஒரு புகைப்படமும் இருந்தது. மாடிக் கழிப்பறையிலிருந்து இறங்கும் நான்கு அங்குல பி.வி.சி. குழாய் நேரே தெருச் சாக்கடையில் போய் முடிகிறது. பாபநாசத்தில் சாக்கடை வேறெங்கே போகும்? ஆற்றுக்குத்தான். பாவம் தொலைக்க வருகிறவர்கள் உடுத்திய துணியைத் தாமிரபரணியில் விட்டுப்போவதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. துணியையாவது அள்ளிக் கரையில் போடலாம். இதை எதால் அள்ளுவது? ஆற்றில் சாக்கடை கலக்கும் லட்சணத்தைப் பார்க்க 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நெல்லைக்கு வந்து போனார்கள். மலையை விட்டு இறங்கியதுமே ஆறு அழுக்காகிறது. நெல்லை, தூத்துக்குடி ஜனங்கள் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

பதிவுத் துறை அமைச்சருக்கு ஒரு விண்ணப்பம்: கட்டடத்தோடு பதிவாகும் ஒவ்வொரு கிரையப் பத்திரத்திலும் அனுமதி எண்ணைக் கட்டாயமாக்குங்கள். டேப் பிடிக்கிற கை அதையும் சேர்த்து எழுதட்டும்.

பாபநாசத்து வாசகரே, மாடி விவகாரம் நடக்கிறபடி நடக்கட்டும். செப்டிக் டேங்க் ஒன்றைக் கட்டி, அந்தக் குழாயை இந்த மாதமே திருப்பிவிடுங்கள்.