திரைவாசிப்பானும் தமிழ் எழுத்தும்: இணைய அணுகல் உரிமை குறித்துச் சில கருத்துகள்

வங்கிக் கணக்குத் தொடங்குவோர் கைப்பேசியின் முன் கண்ணைச் சிமிட்டித் தம் இருப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்பது அண்மைக்கால நடைமுறை. பார்வையற்றோருக்கும் அமிலவீச்சால் இமைகள் சிதைந்தோருக்கும் இஃது இயலாத ஒன்று. இதனை எதிர்த்துப் பிரக்யா பிரசூன் முதலானோரும் பார்வையற்ற வழக்கறிஞரான அமர் ஜெயினும் தொடுத்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 30.04.2025 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோரின் அமர்வு, எண்ணிம அணுகலை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் கூறாக ஏற்று, 20 நெறிமுறைகளை வழங்கியது.

இவ்வுரிமை புதிதாகத் தோன்றியதன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016), அரசு நிறுவனமாயினும் தனியார் நிறுவனமாயினும் சேவை வழங்குவோர் அணுகல் விதிகளுக்கு இரண்டாண்டுகளுக்குள் இணங்க வேண்டும் என 46ஆம் பிரிவில் வரையறுத்தது. எனினும் 2017இல் வந்த விதிகளின் 15(1) அவ்வரையறையை வழிகாட்டுதல் அளவில் நிறுத்தியது. சட்டம் ஏவலாகக் கூறியதை விதி பரிந்துரையாகத் தளர்த்தியது எனலாம். ராஜீவ் ரதூரி வழக்கில் (08.11.2024) உச்ச நீதிமன்றம் இம்முரணைச் சுட்டி அவ்விதியைச் செல்லாதென அறிவித்தது. சிட்னி ஒலிம்பிக் இணையத்தளம் குறித்த முறையீட்டில் புரூஸ் மாகுவயர் 2000ஆம் ஆண்டிலேயே வென்றதையும், அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் 2008இல் 60 லட்சம் டாலருக்கு உடன்பட்டு வழக்கை முடித்ததையும் நோக்க, இந்தியச் சூழலின் காலத்தாழ்ச்சி விளங்கும்.

இத்தீர்ப்புகளைத் தமிழ்த்துறையினர் வணிகச் சட்டச் செய்தியாகக் கடந்துவிடுதல் பொருந்தாது. திரைவாசிப்பான் எழுத்தின் உருவத்தைக் காண்பதில்லை; அதன் குறியீட்டையே ஒலிக்கிறது. 'அவனியாபுரம்' என்னும் ஊர்ப்பெயரைப் பாமினி எழுத்துருவில் அச்சிட்டால் கண்ணுக்கு அவனியாபுரமாகவே தோன்றும். உள்ளே இருப்பவையோ எம், டி, டி, பி, ஏ, எச், ஜி, யு, கே என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். செவியால் படிக்கும் மாணவர் பெறுவது இந்தக் குழப்பத்தையே. எழுத்தை ஒலியாகவே வரையறுத்த நன்னூலாரின் மரபில் வந்தோர், ஒலியில்லா வரிவடிவத்தை எழுத்தென வெளியிட்டு வருவது விந்தையே.

படியெடுத்த படக்கோப்பின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அதில் ஒலிப்பதற்குக் குறியீடே இல்லை. தமிழ் ஆய்விதழ்களின் பழைய தொகுதிகளும் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் பெரும்பாலும் இவ்வடிவிலேயே இணையத்தில் உள்ளன. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010இல். அதன் பின்னரும் பழைய எழுத்துருவில் கட்டுரை கோரும் இதழ்கள் இருப்பதற்கு அச்சகப் பழக்கமன்றி வேறு தக்க காரணம் புலப்படவில்லை.

மதுரையில் இதன் விளைவு கண்கூடு. எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தோற்றுவித்த இந்தியப் பார்வையற்றோர் சங்கம் சுந்தரராஜன்பட்டியில் இயங்குகிறது. தமிழகத்தில் பார்வையற்ற மாணவர் பலர் உயர்கல்வியில் விரும்பி ஏற்கும் பாடங்களுள் தமிழிலக்கியம் ஒன்று. ஆய்வு நிலைக்கு உயரும் அவர்களுக்கு முன்னாய்வுகளைப் படித்துக்காட்ட ஒருவர் வேண்டியுள்ளது. மேற்கோளைச் சரிபார்ப்பதற்கும் அவருடைய ஓய்வுநேரத்தையே எதிர்நோக்க வேண்டும். பிறர் தேர்ந்து படித்துக்காட்டும் பக்கங்களே ஓர் ஆய்வாளரின் எல்லையாகிவிடுவது, ஆய்வின் தரத்தைத் தொடும் சிக்கலாகும்.

பதிப்புரிமை பற்றிய அச்சம் சிலரால் முன்வைக்கப்படுகிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் நூலைப் படியெடுக்க இடமளிக்கிறது. உழைப்பு மிகும் என்பதும் ஓரளவே மெய். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் மெய்ப்புப் பார்ப்பதே உண்மையான பணி. அப்பணியை முதுகலை மாணவரின் செய்முறைப் பயிற்சியாக அமைக்கலாம். புதிய கட்டுரைகளை ஒருங்குறியில் மட்டுமே ஏற்பது என்னும் முடிவுக்கோ பதிப்பாசிரியர் குழுவின் ஒரு கூட்டமே போதுமானது.