தண்டவாளம் மேஜைமேல் இருக்கட்டும்



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் ரீல்ஸ் போட்டிருந்தான். பரங்கிப்பேட்டைப் பக்கம் தண்டவாளத்தில் நிற்கிறான். பின்னால் ரயில் வருகிறது. கடைசி நொடியில் துள்ளி விலகுகிறான். "எப்படி டீச்சர்?" என்று எனக்கே அனுப்பிக் கேள்வி வேறு! அதற்கு நம் சொந்தக்காரர்கள் நாலு பேர் கைதட்டியிருக்கிறார்கள். அன்றைக்கே நான் போட்ட பொம்மை ரயில் படத்துக்கு, "டீச்சர் மறுபடி குழந்தையாகிவிட்டார்" என்று கேலி.

யார் குழந்தை என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் ஓடும். மூன்று நொடியில் 80 மீட்டருக்கு மேல். ஓட்டுநர் பிரேக் போட்டாலும் அதற்குள் நிற்காது. செல்போன் லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. திரையில் ரயில் சிறியதாக, தள்ளி வருவதுபோல் தெரியும். 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று நம்மை ஏமாற்றுவதே அந்தப் போன்தான். இதெல்லாம் போக, தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவுப்படி குற்றம்.

இப்போது என் பொம்மைக்கு வருகிறேன். பேரனுக்காக வாங்கிய செட் அது. நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு. 17 மீட்டர் இன்ஜின் இதில் 20 சென்டிமீட்டர். நின்றபடி மேலிருந்து எடுத்தால் பொம்மையாகத்தான் தெரியும். போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் மேஜையை ஒட்டி இருக்கும்படி வையுங்கள். அந்த அளவில் ஒரு மனிதன் 2 சென்டிமீட்டர்தான். அவன் கண் உயரத்திலிருந்து பார்த்தால் இன்ஜின் மலைபோல் எதிரே வரும். மேஜை விளக்கை ஒரு பக்கம் சாய்த்து வைத்தால் மாலை வெயில். பின்னால் நீல சார்ட் ஒட்டினால் வானம். முதலில் தூசியைத் துடையுங்கள். ஒரு மில்லிமீட்டர் தூசி படத்தில் 9 சென்டிமீட்டர் கல்லாகிவிடும்!

அவன் உயிரைப் பணயம் வைத்து எடுத்த படம் இதுதானே? சரியாக வரவில்லையா, ரயிலைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி எடுக்கலாம். நிஜத் தண்டவாளத்தில் மறுபடி உண்டா?

"நிஜம்போல வருமா?" என்பீர்கள். நிஜ ரயில் வேண்டுமென்றால் சிதம்பரம் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று எடுங்கள். சென்னை பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்தில் பழைய இன்ஜின்கள் நிற்கின்றன, பக்கத்திலேயே போய் எடுங்கள். பொம்மை ரயில் பெரியவர்களுக்கு அழகில்லை என்பவர்கள் புனேவுக்குப் போய்ப் பாருங்கள். ஜோஷி என்பவர் ஆசையாகச் சேர்த்த மாதிரி ரயில்களுக்கு 1998 முதல் ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது.

கைதட்டிய உறவுகளே, உங்களிடம்தான் எனக்குக் கோபம். பையனுக்கு வயசு அப்படி, நமக்கு என்ன? நீங்கள் போடும் ஒவ்வொரு லைக்கும் அவனுக்குக் கைகாட்டி இறங்கின மாதிரி. அடுத்த முறை இன்னும் ஒரு நொடி கூடுதலாக நிற்பான். உங்கள் லைக்கை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

தம்பி, உன்னைத் திட்டத்தான் இவ்வளவும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை புவனகிரிக்கு வா. போனைக் கொண்டு வா. மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் பழைய டீச்சர்