அங்காடிகளுக்கு இயற்கை மீது ஏன் திடீர்ப் பாசம்?

திருநெல்வேலியிலோ பாளையங்கோட்டையிலோ உள்ள பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றுக்குள் சென்று பாருங்கள். அரிசி, நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய் ஆகியவை பச்சை இலைப் படம் போட்ட பொட்டலங்களில் வரிசையாக இருக்கும். 'ஆர்கானிக்', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று அவற்றின்மேல் எழுதியிருக்கும். பல ஊர்களில் கிளை பரப்பிய இந்த அங்காடிகளுக்கு இயற்கை மீது பாசம் பிறந்தது எப்படி?

'நல்ல மனசு' என்பார் சிலர். 'எல்லாம் வியாபாரத் தந்திரம்' என்பார் வேறு சிலர். இரண்டுமே விளக்கம் ஆகா என்பது என் கருத்து. அசையாதிருந்த ஒரு பொருள் நகர்ந்தால், அது நல்ல பொருளா கெட்ட பொருளா என்று இயற்பியல் மாணவன் ஆராய்வதில்லை. அதன்மேல் செயல்பட்ட விசை எது என்றே கேட்கிறான். நியூட்டனின் முதல் விதி கற்றுத் தருவது இதைத்தானே!

முதல் விசை, வாங்குவோரின் விருப்பம். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, அதை விட்டு வெளியேறிய நம்மாழ்வார், 2013-இல் மறையும் வரை ஊர் ஊராகச் சென்று இயற்கை வேளாண்மையைப் பரப்பினார். அவரைப் போன்றோர் பேசிப் பேசியே இந்த விருப்பம் வளர்ந்தது. பெரிய நிறுவனங்கள் பிறகே வந்தன. அமெரிக்காவில் 1980-இல் ஒரே கடையாகத் தொடங்கிய 'ஹோல் ஃபுட்ஸ்' அங்காடியை, 2017-இல் அமேசான் சுமார் 1,370 கோடி டாலருக்கு வாங்கியது. ஹைதராபாத்தில் வளர்ந்த '24 மந்த்ரா' நிறுவனத்தை வாங்க 2025-இல் ஐ.டி.சி. ஒப்பந்தம் செய்தது. சிறியவர்கள் முள்ளை வெட்டிப் பாதை போடுகிறார்கள். பாதை உறுதியானபின் பெரிய வண்டி வருகிறது.

இரண்டாவது விசை, சட்டம். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. துணிப்பையும் காகிதப்பையும் கடைகளுக்குள் மீண்டும் நுழைந்தன.

மூன்றாவது விசை, லாபம். சாதாரண அரிசி எல்லாக் கடைகளிலும் கிடைக்கும்; அங்கே விலையைக் குறைத்துத்தான் போட்டியிட வேண்டும். சான்று பெற்ற அரிசி சில கடைகளில்தான் உண்டு. அதற்குக் கூடுதல் விலை கேட்க முடியும்.

இந்த மாற்றத்தை நான் வரவேற்கவே செய்கிறேன். நிறை மிகுந்த பொருளை நகர்த்துவது கடினம். நகர்ந்துவிட்டால் நிறுத்துவதும் கடினம். பெரிய அங்காடி ஒரு திசையில் திரும்பினால், ஆயிரக்கணக்கான ஏக்கர்களும் திரும்பக்கூடும். ஆனால், திரும்புவதற்கான செலவைச் சுமப்பது யார்?

சேரன்மகாதேவிப் பக்கம் நெல் பயிரிடும் ஒரு சிறு விவசாயியை எண்ணிக்கொள்ளுங்கள். அவர் இன்று இரசாயன உரத்தை நிறுத்துகிறார். நெல் போன்ற பயிர்களுக்குத் தேசிய விதிப்படி மாற்றக் காலம் பொதுவாக 2 ஆண்டுகள். அதுவரை விளைச்சல் குறையலாம். 'ஆர்கானிக்' என்ற பெயரில் நெல்லை விற்கவும் முடியாது. அந்த இரண்டு ஆண்டு நஷ்டம் அவருடையது. அங்காடியின் கணக்கேட்டில் அதற்கு இடமே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தாமிரபரணித் தண்ணீர் அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய்களில் பிரிந்து, பல இடங்களில் வயலிலிருந்து வயலுக்குப் பாய்கிறது. மேல்வயலில் தெளித்த மருந்து கீழ்வயலுக்கும் வரலாம். ஒருவர் மட்டும் மாறினால் போதுமா? ஒரு மடையில் பாசனம் பெறுவோர் அனைவரும் சேர்ந்து மாற வேண்டும். விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் சோதித்துச் சான்று பெறும் 'பி.ஜி.எஸ்.' முறை நம் நாட்டில் இருக்கிறது. பச்சை அடுக்கு வைக்கும் அங்காடிகள், இத்தகைய குழுக்களின் நெல்லை மாற்றக் காலத்திலேயே நியாயமான விலைக்கு வாங்க முன்வர வேண்டும். பாதை போடுவதிலும் பங்கு கொள்வதுதானே நியாயம்?

பத்தமடைப் பாயை எண்ணிப் பாருங்கள். கோரையில் நெய்த அந்தப் பாய் கிழிந்தால் மண்ணோடு மண்ணாகும். பிளாஸ்டிக் பாயை விற்றுக்கொண்டே பச்சை இலைப் படம் மாட்டும் கடை, பாதித் தூரம்தான் நகர்ந்திருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? அடுத்த முறை கடைக்குப் போகும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். இலைப் படம் சான்று ஆகாது; ஆர்கானிக் சான்று முத்திரை இருக்கிறதா? எந்த ஊரில் விளைந்தது? உள்ளே இயற்கை அரிசி. வெளியே உறை எதனால் ஆனது? விடை கிடைக்காவிட்டால் கடைக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள். ஒருவரின் கேள்வி மிகச் சிறிய விசைதான். ஆனால், ஒரே திசையில் செயல்படும் விசைகள் ஒன்றோடொன்று கூடும் என்பதை நீங்கள் படித்திருக்கிறீர்கள் அல்லவா?