‘ஸ்லோ’ என்ற சொல்லின்மேல் விழும் சிவப்புக் கோடு

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் நாம் காணும் ‘ட்ரைவ் ஸ்லோ’ என்னும் ஆங்கில எச்சரிக்கை வியாகரணப் பிழை உடையது என்றும், அது ‘ட்ரைவ் ஸ்லோலி’ என்றுதான் இருந்திருக்க வேண்டும் என்றும், நம் நாட்டில் ஆங்கிலம் போதிக்கும் ஆசிரியர்களில் பலர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ‘ஸ்லோ’ என்பது பெயரடை, வினையைத் தழுவ வேண்டுமானால் அதன் வாலில் ‘லி’ என்ற விகுதியைச் சேர்த்தே தீர வேண்டும் என்பது அவர்கள் சித்தாந்தம். இந்தச் சித்தாந்தம் அந்தப் பாஷையின் சரித்திரத்துக்கும் ஒவ்வாதது, சம்பிரதாயத்துக்கும் ஒவ்வாதது என்பதும், இதனால் நம் குழந்தைகள் சரியாக எழுதியதற்கே தண்டனை பெறுகிறார்கள் என்பதும் என் அபிப்பிராயம்.

அண்மையில் எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் பயிற்சி நோட்டைப் பார்க்க நேர்ந்தது. ‘ப்ளீஸ் வாக் ஸ்லோ’ என்று அவள் எழுதியிருந்த வாக்கியத்தில் கடைசிச் சொல்லை அடித்து, மேலே ‘ஸ்லோலி’ என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தார்கள். அந்தத் திருத்தத்தை மனத்தில் வாங்கிக்கொண்டுதான் போலும், அடுத்த பக்கத்தில் ‘தி பாய் ரேன் ஃபாஸ்ட்லி’ என்று எழுதியிருந்தாள். அதற்கும் ஒரு சிவப்புக் கோடு. விதியை மீறியதற்காக ஒரு மதிப்பெண்ணையும், அதே விதியை அக்ஷரம் பிசகாமல் அனுசரித்ததற்காக இன்னொரு மதிப்பெண்ணையும் இழந்த அந்தக் குழந்தை, ஆங்கிலம் என்பது நியாயம் இல்லாத பாஷை என்று முடிவு கட்டிவிட்டால் அவளைக் குறை சொல்ல நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

நியாயம் இருக்கிறது, அதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் பெயரடையோடு ஓர் எகர ஈற்றைச் சேர்த்தாலே அது வினையடை ஆகிவிடும். உறுதியானது என்ற பொருளில் வழங்கிய ‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லின் முன்னோரும், கடினம் என்ற பொருளில் வழங்கிய ‘ஹார்ட்’ என்ற சொல்லின் முன்னோரும் இப்படியே வினையைத் தழுவின. 1400-ஆம் ஆண்டு மறைந்த சாசரின் செய்யுளில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்த அந்த எகரம், அடுத்த நூற்றாண்டுக்குள் மக்கள் வாயிலிருந்து நழுவி மறைந்துவிடவே, பெயரடையும் வினையடையும் ஒரே உருவில் நின்றுவிட்டன. ஆக, வினையோடு வரும் ‘ஃபாஸ்ட்’ என்பது சோம்பேறித்தனத்தால் வாலை இழந்த சொல் அன்று. தனக்குரிய பழைய ஈறு காலத்தால் தேய்ந்தபின் எஞ்சி நிற்கும், பூரண உரிமையுள்ள வினையடையே அது. ‘லி’ என்னும் விகுதியோ, உடல் அல்லது உருவம் என்று பொருள்பட்ட ஒரு பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது. முதலில் அது பெயரடைகளை ஆக்கவே பயன்பட்டது. ‘ஃப்ரெண்ட்லி’, ‘டெய்லி’ போன்ற சொற்கள் அந்த விகுதியோடும் பெயரைத் தழுவி நிற்பது இந்தக் காரணத்தால்தான்.

ஷேக்ஸ்பியர் தம் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தின் முதல் காட்சியிலேயே, கல்யாண நாளை எதிர்நோக்கித் தவிக்கும் தீசியஸ் பிரபு, பழைய நிலவு தேய்கிற தாமதத்தைப் பற்றி முறையிடும் இடத்தில், தேய்தல் என்ற வினைக்கு ‘ஸ்லோ’ என்ற சொல்லையே அடையாகப் பெய்திருக்கிறார். அக்காலத்தில் அதைக் கேட்டு எவரும் முகம் சுளித்திருக்கமாட்டார்கள்.

முகம் சுளிக்கும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவரும், ஹீப்ரு கவிதையைப் பற்றிய சொற்பொழிவுகளால் பிரசித்தி பெற்றவரும், பின்னாளில் லண்டன் நகரத்துப் பிஷப்பாக உயர்ந்தவருமான ராபர்ட் லௌத் என்ற பண்டிதர், 1762-இல் வெளியிட்ட சிறிய இலக்கண நூலில், பெயரடையை வினையடையாகப் பிரயோகிப்பது ஆங்கிலத்தின் இயல்புக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தார். அதற்குச் சான்றாக அவர் எடுத்துக் காட்டிய குற்றங்கள் யாருடையவை என்று பார்த்தால், ஷேக்ஸ்பியர், டிரைடன், ஸ்விஃப்ட் என்று அந்தப் பாஷைக்கே பெருமை தேடித் தந்த மேதைகளுடையவை! பேராசான்கள் எழுதியதைக் கண்டு விதி செய்வது இலக்கணம். விதியைச் செய்துகொண்டு பேராசான்களைத் திருத்தப் புகுவது இலக்கணத்தின் தர்மத்துக்கே மாறானது என்று நான் கருதுகிறேன். லௌத் பெரும் பண்டிதர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் லத்தீனில் பெயரடைக்கும் வினையடைக்கும் தனித்தனி உருவங்கள் உண்டு. அந்த ஒழுங்கில் ஊறிய மனம், வேறோர் ஒழுங்கில் வளர்ந்த பாஷையை ஒழுங்கற்றது என்று எண்ணிவிடுவது எளிது. அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்து, பிறகு இங்கிலாந்தின் யார்க் நகருக்கு அருகே குடியேறிய லிண்ட்லி மர்ரே, 1795-இல் அவ்வூர்ப் பெண்கள் பள்ளிக்கென்று எழுதிய இலக்கணம் லௌத்தின் வழியையே தழுவியது. அது பதிப்பின்மேல் பதிப்பாக விற்றுக் கடல் கடந்தும் பரவியதால், ஒரு பண்டிதரின் அபிப்பிராயம் பள்ளிக்கூடத்துச் சட்டமாக இறுகிவிட்டது.

ஆயினும் 1926-இல் ஃபவ்லர் என்ற மொழியறிஞர் தம் ஆங்கில வழக்காற்று அகராதியில் ‘ஸ்லோ’ வினையடையாக இன்றும் உயிரோடிருப்பதைச் சொல்லி, வேண்டாத இடத்தில் ‘லி’ சேர்ப்பதைக் கண்டித்தும் எழுதினார். நம் ஆசிரியர்களின் மேஜையில் அட்டை கிழிந்து கிடக்கும் ரென்–மார்ட்டின் இலக்கணமே, சில சொற்கள் ஒரே உருவில் பெயரடையாகவும் வினையடையாகவும் வரும் என்று உதாரணங்களோடு கூறுகிறது. ஆனால் அந்தப் பத்தியைக் கடந்து, பயிற்சிக்கு மட்டும் போய்விடுகிறோம்.

‘லி’ சேர்த்தால் அர்த்தமே தலைகீழாகிவிடும் இடங்களும் உண்டு. ‘ஹி வொர்க்ஸ் ஹார்ட்’ என்றால் ஒருவன் வியர்வை சிந்தி உழைக்கிறான் என்று பொருள். அவனையே ‘ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்று சொன்னால் அவன் வேலையே செய்வதில்லை என்று ஆகிவிடும். ‘லேட்’ வந்தவன் தாமதித்து வந்தவன். ‘லேட்லி’ வந்தவன் அண்மைக் காலத்தில் வந்தவன். வேலைக்கு மனுப்போடும் நம் இளைஞன், தன் உழைப்பைப் பற்றிப் பெருமையாக எழுதுவதாக எண்ணி ‘ஹார்ட்லி’ என்று எழுதிவிட்டால், தன் விண்ணப்பத்தைத் தானே நிராகரித்துக்கொண்டவன் ஆகிறான். வகுப்பில் அவனுக்குக் கற்பித்த விதியே அவனை அங்கே கொண்டு நிறுத்தியது.

தொழிற்சங்கத்தார் பாஷையில் ‘கோ ஸ்லோ’ என்பது வேண்டுமென்றே உற்பத்தியைக் குறைக்கும் போராட்ட முறைக்குப் பெயர். நம் தேசத்தின் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட ஐந்தாம் அட்டவணையில், தொழிலாளர் தரப்பின் முறைகேடான செயல்களில் ஒன்றாக அது அந்தச் சொற்களிலேயே இடம் பெற்றிருந்தது. பாராளுமன்றம் சட்டத்தில் சேர்த்த அட்டவணையில் செல்லுபடியான பிரயோகம் எட்டாம் வகுப்பு நோட்டில் செல்லாது என்பது விசித்திரமான நிலைமை.

ஒரே சொல் இருபுறமும் நிற்பதைக் கண்டு தமிழர் திகைக்க வேண்டிய அவசியமும் இல்லை. நன்னூலார் உரிச்சொல்லுக்கு இலக்கணம் கூறும்போது, அது பெயரையும் வினையையும் விடாது தழுவி வரும் என்றே வகுத்தார்; ‘நனி உவகை’ என்றும் ‘நனி உவந்தான்’ என்றும் சொல்கையில் ‘நனி’ உரு மாறுவதில்லை. இன்றைய பேச்சிலும் ‘நிறையப் பூ’ வாங்குகிறோம், ‘நிறையப் பேசுகிறோம்’.

இதனால் ‘லி’ விகுதியே வேண்டாம் என்று நான் வாதிப்பதாக யாரும் கொள்ள வேண்டாம். வினைக்கு முன்னால் ‘ஸ்லோ’ நிற்காது. கதவை மெல்லத் திறந்தான் என்பதற்கு ‘ஹி ஸ்லோலி ஓபண்ட் தி டோர்’ என்பதே முறை. ஏவல் வாக்கியங்களிலும், வினைக்குப் பின்னாலும், போக்கையும் வேகத்தையும் குறிக்கும் எளிய வினைகளோடும்தான் ‘ஸ்லோ’ இயல்பாகப் பொருந்தும். மனு, கட்டுரை முதலியவற்றில் ‘ஸ்லோலி’ என்று எழுதுவது கௌரவமான நடையே. ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’ போன்றவற்றிலோ தேர்வுக்கே இடமில்லை. வால் இல்லாத உருவம் ஒன்றுதான் சரியானது.

வினாத்தாள் தயாரிப்பவர்கள் விடைக்குறிப்பில் ‘ஸ்லோ’, ‘ஸ்லோலி’ என்று இரண்டையும் எழுதி, பொருந்தும் இடத்தில் எதை எழுதினாலும் முழு மதிப்பெண் தருமாறு பணிக்க வேண்டும். ஏனெனில் விடைக்குறிப்பில் இல்லாததை ஏற்கும் அதிகாரம் உண்மை தெரிந்த ஆசிரியருக்கும் இல்லை. ஃபாஸ்ட், ஹார்ட், லேட், எர்லி, ஹை, டீப், லவுட், ஸ்லோ ஆகியவற்றை ‘லி’ விதியைக் கற்பிப்பதற்கு முன்பே, தனி வரிசையாக, வாக்கியங்களோடு கற்பிக்க ஒரு வகுப்பு நேரம் போதும்.