பூங்காக் கல்விக்கு உரிய காலம் கோடையே

தில்லி மாநகரின் பூங்காக்களைக் காண்பதற்கு ஏற்ற காலம் மாசி, பங்குனி மாதங்களே என்னும் எண்ணம் பொதுமக்களிடையே வேரூன்றியுள்ளது. குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தில் பார்வையாளர் பெருவாரியாகத் திரள்வதும், பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களை இயற்கைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வதும் அக்காலத்திலேயே. சித்திரை பிறந்து ‘லூ’ என்னும் மேல்காற்று வீசத் தொடங்கியதும் பூங்காக்கள் மறக்கப்படுகின்றன. கண்ணுக்கு விருந்தளிப்பது மட்டுமே நோக்கமாயின் இவ்வழக்கத்தில் குற்றமில்லை. அறிவு பெறுவது நோக்கமாயின், இது தலைகீழான வழக்கமாகும்.

பிப்ரவரி மாதத்தில் பாத்திகளை நிறைக்கும் பூக்கள் எவை? பெட்டூனியா தென் அமெரிக்காவுக்கு உரியது. டேலியா மெக்சிகோவுக்கு உரியது. இலையுதிர் காலத்தில் நாற்று விட்டு, நாள்தோறும் நீர் பாய்ச்சி வளர்க்கப்படும் இச்செடிகளிற் பெரும்பாலானவை வெயில் ஏறியதும் மடிந்துவிடுகின்றன. இவற்றால் தோட்டக்காரரின் திறமை புலப்படும். அந்நிலத்தின் இயல்பு புலப்படாது. நிலத்தின் இயல்பை அறிய விரும்புவோர் மே, ஜூன் மாதங்களில் மரங்களை நாட வேண்டும்.

மே மாதத்தில் தில்லிச் சாலைகளில் ‘அமல்தாஸ்’ என வழங்கும் சரக்கொன்றை பொன்னிறக் கொத்துகளைத் தொங்கவிடுகிறது. அதே கிளையில் முன்னாண்டுப் பூவிலிருந்து உண்டான கரிய நெடுங்காய்களும் தொங்கக் காணலாம். ஒரு காய் முற்றுவதற்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு செல்லும் என்பதை மாணவன் இம்மரத்தைப் பார்த்தே அறிந்துகொள்வான். வேம்பின் பழமும் நாவற்பழமும் ஜூன் இறுதியில் உதிரத் தொடங்குகின்றன. இவ்விரண்டின் விதைகளும் நெடுநாள் உயிர்த்திறனைக் காத்துவைப்பன அல்ல. விரைவில் ஈர மண்ணை அடைந்தாக வேண்டும். தில்லியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் ஜூன் 27 ஆகும். பழம் உதிர்வதும் மழை வருவதும் இங்ஙனம் பொருந்தி அமைந்திருப்பதை எந்தப் பாடநூலும் நேரில் காட்ட இயலாது. கர்த்தவ்யப் பாதையின் நாவல் மரத்தடியில் ஒரு காலைப் பொழுது நின்றால் அது விளங்கிவிடும்.

நிழலைப் பற்றிய பாடமும் கோடைக்கே உரியது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. மரம் வேரால் உறிஞ்சிய நீரை இலைகளின் வழியாக ஆவியாக்கும்போது இவ்வெப்பம் சுற்றுப்புறத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆயினும், நிழலின் முதற் பயன் காற்றைக் குளிர்விப்பதன்று. கதிரவனின் கதிர்கள் உடலின்மீதும் தரையின்மீதும் நேரே விழாமல் தடுப்பதேயாம். இதனைச் சோதித்தறிவது எளிது. கற்பாவிய நடைபாதை, புல்தரை, மரத்தடி மண் ஆகிய மூன்றிடங்களிலும் ஒரே நேரத்தில் ஆய்வுக்கூட வெப்பமானியின் குமிழைத் தரையில் பொருத்தி, மெல்லிய மண்ணால் மூடி, ஐந்து நிமிடம் கழித்து அளவைக் குறித்துக்கொள்ளலாம். உடற்சூடு பார்க்கும் வெப்பமானியை இதற்குப் பயன்படுத்தலாகாது.

அளக்கும்போது கருவியையும் ஐயுற வேண்டும். 2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி என்று காட்டியது. நாடெங்கும் பரபரப்பு உண்டாயிற்று. பின்னர் வானிலை ஆய்வுத் துறை ஆராய்ந்து, அந்நிலையத்தின் உணர்கருவி 3 டிகிரி மிகையாகக் காட்டியதென அறிவித்தது. மாணவர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

களப்பணியாளர்க்குக் கோடைப் பூங்கா வேறொரு வகையில் ஆசானாகிறது. புதுதில்லி நிர்மாணிக்கப்பட்ட காலத்தில், அந்நகருக்கு ஏற்ற மரங்களை வளர்த்துச் சோதிப்பதற்கென ஹுமாயூன் கல்லறையின் அருகில் சுந்தர் நர்சரி அமைக்கப்பட்டது. 2018இல் அது பூங்காவாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வேம்பு, நாவல், மருது, புளி, தான்றி முதலிய சாலை மரங்கள் பல தலைமுறைகளின் கோடையைத் தாங்கி நிற்கின்றன. 1936இல் திறக்கப்பட்ட லோதி தோட்டத்தில் பகல் வேளையில் மக்கள் அமர்வது எங்கே என்று கவனித்தால், எம்மரத்தின் நிழல் அடர்த்தியானது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆனால், கோடையில் பசுமையாக இருப்பவை யாவும் நல்லவை என முடிவு செய்தலும் தவறு. ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியாகிய ரிட்ஜ் என்னும் பாறை மேட்டில் ‘விலாயதி கீகர்’ கடும் வெயிலிலும் பசுமை குன்றாது பரவி நிற்கிறது. தமிழகத்தார் நன்கறிந்த சீமைக்கருவேலே அது. அதன் அடர்த்தியில் அந்நிலத்துக்குரிய பிற செடிகள் தழைப்பதில்லை. எது பசுமையாயுள்ளது என்பதோடு, அதன் கீழ் எவை வாழ்கின்றன என்பதையும் குறித்துக்கொள்பவரே தேர்ந்த களப்பணியாளர்.

கோடையில் மாணவரை வெளியே அழைத்துச் செல்லுதல் ஆபத்தன்றோ என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. சமவெளியில் 45 டிகிரியை எட்டும் வெப்பம் விளையாட்டன்று. ஆனால், ஜூன் மாதத்தில் தில்லியில் காலை 5.30 மணிக்கு முன்னரே கதிரவன் உதித்துவிடுகிறான். விடியலில் புறப்பட்டு 8 மணிக்குள் திரும்புவதும், குடிநீர் உடன் கொண்டு செல்வதும், வெப்ப அலை எச்சரிக்கை உள்ள நாளைத் தவிர்ப்பதும் போதிய பாதுகாப்பாகும். பகலின் அளவுகளை ஆசிரியரே எடுத்துத் தரலாம். விடுமுறைக் காலம் என்பதும் தடையன்று. ஏப்ரலில் ஒவ்வொரு மாணவனுக்கும் அவன் வீட்டருகே உள்ள ஒரு மரத்தை ஒப்படைத்து, தளிர், பூ, காய், வந்தமரும் பறவை ஆகியவற்றை வாரம் ஒரு முறை குறித்துவரப் பணித்தால், ஜூலையில் பள்ளி திறக்கும்போது வகுப்பின் கையில் ஒரு முழுப் பருவத்தின் பதிவேடு இருக்கும்.

இத்தகைய பதிவேடுகள் வெறும் பள்ளிப் பயிற்சியாக நின்றுவிட மாட்டா. மரத்தின் அடிவரை சிமெண்டு பூசி வேருக்குக் காற்றும் நீரும் கிட்டாமற் செய்யும் கேடு தில்லியில் மிகுந்தபோது, அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவு சிமெண்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட நேர்ந்தது. ஆண்டுதோறும் ஒரே மரத்தைக் கவனித்துவரும் கண்கள் தெருவுக்குத் தெரு இருக்குமாயின், இத்தகைய கேடு மரம் பட்டுப்போவதற்கு முன்னரே வெளிப்படும்.

நகரங்களில் பூங்காக்களுக்குப் பரிசளிக்கும் குழுவினர் மலர்க்காட்சிக் காலத்தில் பாத்திகளைப் பார்த்து மதிப்பெண் இடுகின்றனர். அவர்கள் ஜூன் மாத நண்பகலில் ஒருமுறை வந்து, நிழலில் எத்தனை பேர் இளைப்பாறுகின்றனர் என்று எண்ணிப் பார்ப்பாராக. கூலியாளும் வழிப்போக்கரும் ஒதுங்குதற்கு இடமளிக்கும் பூங்காவே அந்நகருக்கு உண்மையில் பயன்படும் பூங்காவாகும். அதனை இனங்கண்டு சொல்லும் அறிவை மாணவர்க்கு ஊட்டுவதற்குக் கோடையைப் போன்ற காலம் வேறில்லை.