கழிப்பறையில் பிறந்த தொண்டு

ரோட்டரி என்றாலே நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். கோட்டு, டை, ஓட்டல் விருந்து, ஆண்டுக்கொரு முறை நம் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், கூடவே புகைப்படம். இதுவா தொண்டு என்கிறார்கள். கேள்வி நியாயமானதே. 1985 முதல் போலியோ ஒழிப்பில் அவர்களுக்கும் பங்குண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. நாம் சொல்ல வருவது வேறு.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் நான்கு பேர் கூடினார்கள். வழக்கறிஞர் பால் ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி, சுரங்கப் பொறியாளர், தையற்கடைக்காரர். ஹாரிஸ் சிற்றூரில் வளர்ந்து, பிழைக்கப் பெருநகரம் வந்து, மனம்விட்டுப் பேச ஆளின்றித் தவித்தவர். நம்மைப் போல! ஒவ்வொரு முறையும் ஒருவர் அலுவலகத்தில் சுழன்று கூடியதால் வந்த பெயர்தான் ரோட்டரி.

அன்று அங்கே தொண்டு இல்லை. ஒருவருக்கொருவர் வியாபாரம் பிடித்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 1906இல் டொனால்ட் கார்ட்டர் என்ற வழக்கறிஞரை அழைத்தார்கள். ஊருக்குப் பயன்படாத சங்கத்தில் சேரமாட்டேன் என்று அவர் மறுத்தார். அதன் பிறகே நோக்கத்தைத் திருத்தினார்கள். அவரும் சேர்ந்தார். அடுத்த ஆண்டு கையில் எடுத்த முதல் ஊர்ப்பணி என்ன தெரியுமா? பொதுக் கழிப்பறை! சாராய முதலாளிகளும் பெருங்கடைக்காரர்களும் எதிர்த்தார்கள். தங்கள் கடைகளில் கழிப்பறை இருக்கிறதே என்றார்களாம். கடைக்குள் போகக் காசு வேண்டாமா?

அந்தக் கார்ட்டர் நம் சங்கங்களில் சேருவாரா? பொங்கல் விழா, பட்டிமன்றம், ஊரிலிருந்து வரும் பிரமுகருக்குப் பொன்னாடை. போதாக்குறைக்கு மாவட்டத்துக்கொரு சங்கம், சாதிக்கொரு சங்கம். இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்ப வசூல் செய்கிறோம், அது பெருமைக்குரியது. ஆனால் விடியுமுன் கையில் வாளியோடு நம் வீட்டுப் பெண்கள் கழிப்பறை வாசலில் வரிசையில் நிற்கிறார்களே, உள்ளே கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையே, அதற்காக எத்தனை தீர்மானம் போட்டோம்?

போடமாட்டோம். நம் செயற்குழுவில் பெண் இருந்தால்தானே! ரோட்டரியும் இப்படித்தான் இருந்தது. பெண்களைச் சேர்த்ததற்காகக் கலிபோர்னியாவின் டுவார்ட்டே கிளையையே நீக்கியது. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, 1989இல்தான் கதவைத் திறந்தது. நமக்கும் நீதிமன்றம் வர வேண்டுமா?

தோழர்களே, அடுத்த பொதுக்குழுவில் பொன்னாடைச் செலவை நிறுத்துவோம். எத்தனை குடும்பத்துக்கு எத்தனை கழிப்பறை, எதில் தண்ணீர் இல்லை, எதில் விளக்கு இல்லை என்று தெருத் தெருவாக எண்ணுவோம். எண்ணி எழுதுகிறவர்கள் பெண்களாக இருக்கட்டும். அந்தத் தாளோடு மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்குப் போகும்போது முன்னே நடப்பவர்களும் அவர்களே.